திரையில் ஒரு நாற்காலி: வெக்னரா, ஆர்னியோவா?

வட ஐரோப்பிய நாற்காலிகள் சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் அடிக்கடி தலைகாட்டும். பணக்கார வீடு என்றோ எதிர்காலம் என்றோ காட்ட ஆர்ட் டைரக்டர் கொண்டுவந்து வைத்திருப்பார். காட்சி முடிந்தால் நமக்கும் மறந்துவிடும். உட்கார்ந்தவரை நாம் பார்க்கும் விதத்தையே மாற்றிய நாற்காலிகள் கொஞ்சம்தான். அவற்றில் இரண்டை எடுத்துக்கொள்கிறேன்: டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னர் 1949இல் உருவாக்கிய ரவுண்ட் சேர், பின்லாந்தின் ஈரோ ஆர்னியோ 1963இல் வடிவமைத்த பால் சேர் (Ball Chair, பந்து நாற்காலி).

வெக்னருடையது மரவேலையின் உச்சம். கைப்பிடியும் முதுகுச் சாய்வும் ஒரே வளைவாக ஓடும். மரத்துண்டுகள் சேரும் இடம் முதலில் பிரம்புச் சுற்றுக்கு அடியில் மறைந்திருந்தது. அப்புறம் பிரம்பை எடுத்துவிட்டு, பல்லோடு பல் கோத்த அந்த இணைப்பை வெளியே தெரிய விட்டார்கள். எனக்கு அந்தத் துணிச்சல்தான் அதில் மிகவும் பிடித்தது. சாய்வு தாழ்வாக இருப்பதால் உட்காருபவரின் தோளும் கழுத்தும் முழுசாகத் தெரியும்.

இதன் பெரிய திரைக்காட்சி ஒரு படத்தில் இல்லை. 1960 செப்டம்பர் 26, சிகாகோவில் சி.பி.எஸ். ஸ்டுடியோ, அமெரிக்க அதிபர் தேர்தலுக்காகக் கென்னடியும் நிக்சனும் மோதிய முதல் தொலைக்காட்சி விவாதம். ஒருவர் எழுந்து நின்று பேசும்போது மற்றவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்பவரின் முகத்தையும் கேமரா அவ்வப்போது பிடித்தது. கென்னடி கால்மேல் கால் போட்டு, கைகளை மடியில் வைத்து அமைதியாக இருந்தார். முழங்கால் தொற்றுக்காக மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்த நிக்சன் உடல் இளைத்திருந்தார். அவருடைய வெளிர் சாம்பல் கோட்டு பின்னணியோடு கலந்துபோனது. நாற்காலி இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அது எதையும் மறைத்துக் கொடுக்கவில்லை. தேர்தல் முடிவை நாற்காலி தீர்மானித்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அகலமான, உயரச் சாய்வுள்ள சோபாவில் அவர்களை உட்கார வைத்திருந்தால் இவ்வளவு தெரிந்திருக்காது.

ஆர்னியோவின் பந்து இதற்கு நேர் எதிர். பைபர்கிளாஸ் உருண்டை, உள்ளே மெத்தை, அச்சில் சுழலும். அளவை முடிவு செய்ய அவர் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி அதன் முன்னால் உட்கார்ந்தார். தலை அசையும் பாதையை மனைவி வரைந்தார். வாசல் வழியாக நுழைய வேண்டும் என்பதும் கணக்கில் இருந்தது. 1966இல் கொலோன் கண்காட்சியில் அறிமுகமான அடுத்த ஆண்டே, 'தி பிரிஸனர்' என்ற பிரிட்டிஷ் தொடரில் கைதிகளை அடைத்துவைத்த கிராமத்தின் தலைமை அதிகாரி 'நம்பர் டூ'வின் இருக்கையாகிவிட்டது. அந்தத் தொடரில் நம்பர் டூ அடிக்கடி மாறிக்கொண்டே இருப்பார்; நாற்காலி மட்டும் மாறாது. ஆளைவிடப் பதவி பெரிது என்பதை இதைவிடத் தெளிவாக வசனத்தால் சொல்லியிருக்க முடியாது.

இதே மூடிய வகையில் டேனிஷ்காரர் ஹென்ரிக் தோர்-லார்சன் 1968இல் வெளியிட்ட ஓவாலியா முட்டை நாற்காலியையும் சேர்க்க வேண்டும். 'மென் இன் பிளாக்' படத்தில் (1997) தேர்வு எழுத வந்தவர்கள் அதற்குள் உட்கார்ந்து, தாளை வைக்க இடமில்லாமல் தவிப்பார்கள். வில் ஸ்மித் மட்டும் எழுந்துபோய் மேசையைக் கிறீச்சென்று இழுத்து வருவார். அழகான வடிவத்தின் குறையே அங்கே திரைக்கதை. இந்த ஒரு காட்சிக்காக ஓவாலியாவை ஆர்னியோவின் பந்துக்கு மேலே வைப்பேன்.

சரி, இரண்டில் எது? வில்லன் சட்டென்று திரும்பி முகம் காட்ட வேண்டுமானால் ஆர்னியோவின் பந்துதான். ஆனால் அது கேமராவுக்கு ஒரே ஒரு வாயைத்தான் திறந்து வைக்கிறது. பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ எடுத்தால் நடிகர் காணாமல் போய் ஓடு மட்டும் மிஞ்சும். தோளுக்கு மேலாக எடுக்கும் சாதாரண ஷாட்கூட அதில் கிடைக்காது. வெக்னரின் நாற்காலியை எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தாலும் மரமும் அழகாக இருக்கும், ஆளும் இருப்பார். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பத்து நிமிடம் பேசப்போகிறார்கள் என்றால் நான் கேட்டு வாங்குவது அதைத்தான்.