சீனத் தேர்வும் உஸ்மானியத் தேவ்ஷிர்மேயும்

பிறப்பு வகுத்த படிநிலையைத் தாண்டி உயர, சீனப் பேரரசில் 1905-இல் ஒழிக்கப்படும்வரை ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் நீடித்த அரசுப்பணித் தேர்வு ஒரு வழி. உஸ்மானியப் (ஒட்டோமான்) பேரரசில் அரசுப் பணிக்குச் சிறுவர்களைத் திரட்டிய தேவ்ஷிர்மே முறை இன்னொன்று. தேர்வு உழவர் மகனுக்கும் சட்டப்படி திறந்திருந்தது என்றாலும், கன்ஃபூசிய நூல்களை ஆண்டுக்கணக்கில் மனப்பாடம் செய்ய, வயலில் ஓர் ஆள் குறைந்தாலும் சோற்றுக்குத் தட்டுப்பாடில்லாத வீடு வேண்டும். பெண்களுக்கோ அந்த வாசலே இல்லை. தேவ்ஷிர்மேயிலோ படிப்புக்கென்று வீட்டார் செலவழிக்க வேண்டியதில்லை. பால்கன் சிற்றூர்களின் கிறித்தவச் சிறுவர்களைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, மதம் மாற்றி, சுல்தானின் அடிமைகளாக வளர்த்தார்கள்; அப்படிக் கொண்டுபோகப்பட்ட சொகொல்லு மெஹ்மத் 1565-இல் தலைமை அமைச்சரானார். உயரத்தை மட்டும் அளந்தால் இதுவே செங்குத்தான ஏற்றம். ஆயினும் பெற்றவர்களின் சம்மதத்தைக் கேளாமல் பிள்ளையைப் பறித்த முறையை ஏற்க மனம் ஒப்பவில்லை; அத்தனை குறைகளோடும் தேர்வையே மேலானதாகக் கருதுகிறேன்.