கியூர்பிப் காங்கா வகுப்பு: இடது கைக்கே முதல் மரியாதை

நான் மிருதங்கக்காரன், கோயில் பஜனையில் வாசித்துப் பழகிய கை. மொரிஷியஸின் கியூர்பிப் ஊரில் ஒரு வீட்டின் பின்கட்டில் சனிக்கிழமைதோறும் நடக்கும் காங்கா வகுப்பில் (காங்கா என்பது கையால் வாசிக்கும் உயரமான கியூபா முழவு) இந்த ஆண்டு சேர்ந்தேன். மாதக் கட்டணம் 1,500 ரூபாய். கொடுக்கிற காசுக்குத் தகுந்த பாடம் கிடைக்கிறது.

ஆசிரியர் முதல் மாதம் முழுக்க இடது கையைத்தான் கவனிக்கிறார். உள்ளங்கையின் அடிப்பகுதி தோலில் அமர வேண்டும், உடனே விரல்கள் விழ வேண்டும். அடுத்து வலது கையால் ஒரு ஸ்லாப், அதாவது பளிச்சென்ற அறை, மீண்டும் இடது விரல்கள். திரும்பவும் இடது அடிக்கை, விரல்கள். கடைசியில் வலது கையால் கணீரென்று இரண்டு திறந்த அடி. எட்டு அடிகளில் தும்பாவ் என்ற அடிப்படை நடை முடிந்துவிடுகிறது. கேட்க எளிது. இடது கை சத்தமில்லாமல் காலத்தைக் காக்கும்வரை அவர் அடுத்த பாடத்துக்கு நகர்வதில்லை. 1940 வாக்கில் கியூபாவின் இசைக்குழுத் தலைவர் அர்செனியோ ரொட்ரிகஸ் தன் குழுவில் காங்காவைச் சேர்த்தபின் நடனக் கச்சேரிகளில் ஊன்றிய நடை இது.

வேகத்துக்காக வந்த இளைஞர்களுக்கு இது சலிப்பைத் தருகிறது. அவர்களுக்குப் போர்ட்டோ ரிக்கோவின் காங்கா கலைஞர் ஜியோவானி ஹிடால்கோ போல மூன்று நான்கு காங்காக்களில் மழையாகப் பொழிய வேண்டும். உருட்டு என்கிற அந்த வேக வாசிப்பில் டிரம்ஸ்காரர்களின் குச்சிப் பயிற்சிகளும் கலந்திருக்கின்றன. ஆனால் ஒரே கையால் இரண்டு அடி பிறப்பது இந்த அடிக்கை, விரல் ஆட்டத்திலிருந்துதான். ஹிடால்கோவே கியூபாவின் தாளக் கலைஞர் சாங்கிட்டோவிடம் கற்றவர். ஆகவே தும்பாவ் ஊறாத கைக்கு உருட்டைச் சொல்லித்தர மறுக்கும் ஆசிரியரின் பக்கம்தான் நான். ஊறியவர்களுக்கு அவர் அதைத் தாராளமாகவே சொல்லித் தருகிறார்.

குறை கருவிகளில் இருக்கிறது. கியூர்பிப்பின் ஈரம் ஊரறிந்தது. மாட்டுத்தோல் பூட்டிய காங்கா இரண்டும் வகுப்பு தொடங்கும்போது தொய்ந்து கிடக்கின்றன. கியூபாவில் முன்பு தோலை மரத்தில் ஆணியடித்து, நம் மொரிஷியஸ் தோல்கருவியான ரவானைப் போலவே நெருப்பில் காட்டிச் சுருதி ஏற்றினார்கள். இன்று திருகாணி இருக்கிறது, ஸ்பேனர் இருக்கிறது. முன்கூட்டியே முறுக்கி வைக்கத்தான் ஆளில்லை. பாட நேரம் அதிலேயே கரைகிறது. செயற்கைத் தோல் போட்ட மூன்றாவது காங்காவுக்கு எந்த மழையும் பொருட்டல்ல. அதனால் எல்லோரும் அதற்கே ஓடுகிறார்கள். எனக்கு அதன் திறந்த அடி வறட்சியாகக் கேட்கிறது. தோலில் வரும் அடித்தொண்டை நாதம் அதில் இல்லை. ஸ்லாப் மட்டும் அதில் பளிச்சென்று விழும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சேர்வதானால் மாலை வகுப்பை விட்டுவிட்டுக் காலை வகுப்பில் இடம் கேளுங்கள். தாளம் காட்டும் கிளாவே கட்டையைத் தட்ட அங்கே தனியாக ஒருவர் உட்கார்கிறார். மாலையில் அதற்கும் கைபேசிதான்.