கோவை மொட்டை மாடியில் ஓரிகனோ: வளர்ப்பும் அறுவடையும்

சில வருடங்களாக எங்கள் வீட்டு மொட்டை மாடியில், பீட்சா மேல் தூவும் அந்த ஓரிகனோ வளர்கிறது. கோயம்புத்தூர் வெயிலை இது தாங்குமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாராளமாகத் தாங்கும். மத்தியத் தரைக்கடல் பக்கத்துக் கல்லு மலைகளில் தானாக வளரும் செடி இது. வெயிலால் இதற்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. தேங்கும் தண்ணீரும் அளவுக்கு மீறிய உரமும்தான் ஆகாது. புதினா வளர்த்துப் பழகிய கை தினமும் ஊற்றத்தான் பார்க்கும். அந்தக் கையை அடக்கிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வாங்கும்போது கவனம் வேண்டும். நர்சரியில் ஓரிகனோ என்று கேட்டால் கற்பூரவல்லியை எடுத்து நீட்டுகிறார்கள். கியூபன் ஓரிகனோ என்று அதற்கும் ஒரு பெயர் வழக்கில் இருக்கிறது. இரண்டும் புதினாக் குடும்பம்தான், இரண்டிலும் கார்வக்ரால் என்ற எண்ணெய்ப் பொருள் உண்டு, அதனால் வாசனையும் ஒன்றை ஒன்று நினைவுபடுத்தும். ஆனால் கற்பூரவல்லி இலை சதைப்பற்றாக, தடிப்பாக இருக்கும். காயவைத்துத் தூவ அது சரிப்படாது. ஓரிகனோ இலை மெல்லியது, கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். தண்டும் மெலிதாகக் கம்பி மாதிரி தரையோடு படரும்.

அசல் ஓரிகனோவிலும் ரகம் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பாகப் பூக்கும் சாதாரண ரகத்தில் காரம் குறைவு. சமையலுக்கு நல்லது வெள்ளைப் பூ பூக்கும் கிரேக்க ரகம். பூக்கும்வரை காத்திருக்க வேண்டாம், ஒரு இலையைக் கிள்ளி மென்று பாருங்கள். நாக்கு நுனியில் சுருக்கென்று ஏறி லேசாக மரத்துப்போக வேண்டும். வெறும் பச்சை வாசனை மட்டும் வந்தால் அந்தச் செடியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

விதையிலும் வரும். விதை மிகவும் பொடியாக இருக்கும். மண்ணின் மேல் தூவி, மூடாமல் அப்படியே விட வேண்டும், முளைக்க வெளிச்சம் தேவை. ஈரம் காயாமல் தெளித்துவந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் தலைகாட்டும். ஆனால் விதைச் செடிகள் எல்லாம் ஒரே வாசனையில் வருவதில்லை. நான் பரிந்துரைப்பது தண்டு நடவு. வாசனையான தாய்ச்செடியிலிருந்து நான்கு விரல் நீளத்துக்கு இளந்தண்டு வெட்டி, கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு, மணல் கலந்த தென்னை நார்க்கழிவில் செருகி நிழலில் வைத்தால் போதும். தரையில் படரும் தண்டின் மேல் கொஞ்சம் மண்ணைத் தள்ளி விட்டாலும் அங்கேயே வேர் பிடித்துக்கொள்ளும்.

மண் கலவையில் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு போடுகிறேன். நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் வளர்ந்த செடியின் தொட்டியில் அது மிகக் குறைவு. வளர்ப்புப் பையை விட மண் தொட்டி இதற்குப் பொருத்தம், சுவர் வழியாகவே ஈரம் காய்ந்துவிடும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். சுண்ணாம்பு மண்ணில் வளர்ந்து பழகிய செடி என்பதால் எங்கள் கடினமான போர்த் தண்ணீரைப் பற்றி அது கவலைப்பட்டதே இல்லை. பஞ்சகவ்யம், மீன் அமிலம் என்று ஊட்டம் கொடுத்த தொட்டியில் இலை அகலமாக, கண்ணுக்கு அழகாக வந்தது. கசக்கிப் பார்த்தால் வாசனை பக்கத்துப் பட்டினித் தொட்டியில் பாதிகூட இல்லை. அதிலிருந்து பெரிய அறுவடைக்குப் பிறகு ஒரு கைப்பிடி மண்புழு உரம், அவ்வளவுதான்.

நம் ஊர்ப் பருவத்துக்கு வருவோம். தை, மாசியில் செடி கிடுகிடுவென்று அடர்ந்துவிடும். கத்திரி வெயிலில் வளர்ச்சி நின்று, மதியத்தில் கொஞ்சம் வாடும். பிற்பகலுக்கு மட்டும் நிழல்வலை கட்டினால் கடந்துவிடலாம். அப்போது இலைக்கு அடியில் செஞ்சிலந்தி வரும். தண்ணீரை இலையின் அடிப்பக்கம் வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பாலும் போய்விடுகிறது. வேப்பெண்ணெய் அடித்தால் அடுத்த அறுவடைவரை அந்த வாடை போகாது, அதனால் நான் அடிப்பதில்லை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்ததும் செடி மறுபடி தெளிந்துவிடும். உண்மையான சோதனை ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான். தொடர்ந்து நனைந்தால் அடித்தண்டு கறுத்து, நடுவிலிருந்து அழுகிக்கொண்டு வரும். மழைக்கு முன்பே செடியை நன்றாகக் கத்தரித்து, காற்று புகும்படி விட்டு, தொட்டியைப் படிக்கட்டுக் கூரைக்கு அடியில் நகர்த்திவிடுங்கள். இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போடவே கூடாது.

இனி அறுவடை. மொட்டு வந்து, பூ விரிவதற்குச் சற்று முன்னால் வெட்டு, அப்போதுதான் எண்ணெய் அதிகம் என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். சரியான யோசனைதான், ஆனால் அது கிரீஸுக்கும் இத்தாலிக்கும் சொன்னது. பகல் நீளும்போது பூக்கும் செடி இது. ஏதென்ஸில் ஜூன் மாதப் பகல் கிட்டத்தட்ட 15 மணி நேரம். கோவையில் வருடத்தின் மிக நீண்ட பகலும் 13 மணி நேரத்தைத் தொடாது. என் செடிகளில் மொட்டு எப்போதாவதுதான் தென்படுகிறது. மொட்டை நம்பிக் காத்திருந்தால் இலை முற்றி, அடி மஞ்சளாகிக் கொட்டிவிடும்.

அதனால் நான் வானத்தையும் இலையையும் பார்த்து முடிவு செய்கிறேன். தொடர்ந்து சில நாள் நல்ல வெயில் அடித்திருக்க வேண்டும், முந்தின நாள் தண்ணீர் ஊற்றியிருக்கக் கூடாது. தண்டு ஒரு சாண் வளர்ந்திருக்க வேண்டும். ஒரு இலையைப் பறித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தினது போல நுண்ணிய புள்ளிகள் இலை முழுக்கத் தெரியும். எண்ணெய் அந்தச் சுரப்பிகளில்தான் இருக்கிறது. புள்ளிகள் நெருக்கமாகத் தெரிந்து, விரல் பட்டதும் பிசுபிசுப்போடு வாசனை ஒட்டிக்கொண்டால் அன்று காலையே, பனி காய்ந்ததும் வெட்டிவிடலாம். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எடுக்காமல், இலை ஜோடிக்குச் சற்று மேலே வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டிலிருந்தும் இரண்டு கிளை வரும், அடுத்த அறுவடை இன்னும் அடர்த்தியாக இருக்கும்.

காயவைப்பது நிழலில்தான். மாடி வெயிலில் வடகம் மாதிரிப் பரப்பினால் நிறமும் போகும், எண்ணெயும் பறந்துவிடும். சிறு சிறு கொத்தாகக் கட்டி, காற்றோட்டமான அறையில் தலைகீழாகத் தொங்கவிடுகிறேன். வெயில் நாளில் ஒரு வாரம் போதும், ஈரமான பருவத்தில் இழுக்கும். இலை நொறுங்க வேண்டும், தண்டு வளையாமல் படக்கென்று முறிய வேண்டும். பிறகு தண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு அடிப்பக்கமாக விரலால் உருவினால் இலை மொத்தமாகக் கழன்று வரும். முழு இலையாகவே கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இருட்டில் வையுங்கள், பயன்படுத்தும்போது உள்ளங்கையில் கசக்கிக்கொள்ளலாம்.

காய்ந்த ஓரிகனோவின் வாசனை பச்சை இலையை விட அழுத்தமானது. மூன்று கரண்டி பச்சை இலைக்கு ஒரு கரண்டி காய்ந்தது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஓரிகனோ சீசனிங் என்று கிடைக்கும் பொட்டலங்களின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள், பலவற்றில் உப்பு, பூண்டு, மிளகாய் எல்லாம் கலந்திருக்கும். வீட்டு இலையை அதே அளவில் அள்ளிப் போட்டால் கசந்துவிடும். தக்காளி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், ஓரிகனோ மட்டும் போட்டு, சீஸே இல்லாமல் சுடும் நேப்பிள்ஸ் மரினாரா பீட்சாவை வீட்டில் செய்தால் இந்த இலையின் அருமை தெரியும். எங்கள் வீட்டில் அதை விட அதிகம் செலவாவது முட்டை ஆம்லெட்டிலும், வேகவைத்து வறுத்த உருளைக்கிழங்கிலும்தான்.

மூன்றாவது வருடத்தில் அடித்தண்டு கட்டை ஏறி, நடுவில் மொட்டையாகிவிடும். அந்தச் செடியைப் போராடிக் காப்பாற்ற வேண்டியதில்லை, மழை விட்டதும் மார்கழியில் இளந்தண்டு எடுத்துப் புதுத் தொட்டி போட்டுவிடுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 12 அங்குலத் தொட்டி இரண்டு இருந்தால் கடையில் வாங்கும் வேலையே இல்லை. ஒரு நாளைக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் கிடைக்காத பால்கனி என்றால் மட்டும் ஓரிகனோ வேண்டாம். செடி நோஞ்சானாக நீண்டு, வாசனையும் ஏறாது. அங்கே அந்த நர்சரிக்காரர் நீட்டும் கற்பூரவல்லியையே வாங்கி வையுங்கள், அரை நிழலிலும் நன்றாக வரும்.