உட்பொருள் எழுதாத பொடியைக் குளத்தில் போடாதீர்கள்

மீன் வளர்ப்பில் புதிதாக இறங்கியிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தீவனக் கொட்டகையில் இருக்கும் பொட்டலங்களைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பொட்டலம் ஏதாவது இருந்தால், எனக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரலாம்.

கெண்டைக் குஞ்சு விட்ட இரண்டாம் வாரம் முகவர் ஒருவர் வந்தார். கரையைச் சுற்றி நடந்தார், தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்தார். "நோய் வந்த பிறகு ஓடுவதைவிட வராமல் காப்பது நல்லதில்லையா?" என்றார். இதை யார் மறுப்பார்கள்? சத்துப் பொடி, முழுக்க மூலிகை, தினமும் தீவனத்தோடு கொஞ்சம் கலந்தால் போதும் என்றார். பொட்டலத்தின் மேல் துள்ளும் மீன் படமும் ஒரு பெயரும் மட்டும் இருந்தன. பொடி மஞ்சளாக இருந்தது; விரலில் ஒட்டிக்கொண்டது. மூலிகை என்றால் ஏதாவது வாசனை இருக்க வேண்டாமா என்று அன்று எனக்கு உறைக்கவில்லை.

மீன்கள் நன்றாகத்தான் வளர்ந்தன, அதையும் சொல்லிவிட வேண்டும். அதனால்தான் நான்கு மாதம் ஒரு நாள் விடாமல் போட்டேன்.

பிறகு கடும் வெயிலில், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் பழுதாகி இரண்டு இரவு ஓடவில்லை. குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவது விடியற்காலையில்தான். மூன்றாம் நாள் விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஒரு வாரத்துக்குள் விலாவில் சிவந்த புண், உப்பிய வயிறு, சிலிர்த்த செதில், பிதுங்கிய கண். முகவரை அழைத்தேன். "பொடியை இரட்டிப்பாக்குங்கள்" என்றார். சாவு குறையவில்லை. பாக்டீரியாவுக்கு எதிரான மருந்தான ஆக்ஸிடெட்ராசைக்ளின் கொடுத்தார். அதுவும் கேட்கவில்லை. அதே போன்ற இன்னொரு மருந்தான அமாக்சிசிலின் என்றார். கடைசியில், மருந்தைத் தண்ணீரிலேயே கரைத்து ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். இரண்டே நாளில், மீன் கழிவிலிருந்து வரும் நஞ்சான அமோனியா ஏறி, புண் இல்லாத மீன்களும் மிதந்தன.

அதன் பிறகுதான், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். செத்து நாறியதை விட்டுவிட்டு, உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த மூன்று மீன்களை ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த பெண்மணி மீனின் சிறுநீரகத்திலிருந்து மாதிரி எடுத்துத் தட்டில் வளர்த்தார். ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா. நன்னீரில் எப்போதும் இருக்கும் பாக்டீரியாதான். மீன் தளர்ந்தால் பாய்ந்துவிடும். எதற்கு அடங்கும் என்று பார்க்க, அதைத் தட்டு முழுக்கப் பரப்பி, மேலே மருந்து தோய்த்த சின்ன வட்டத் தாள்களை வைத்திருந்தார். மருந்து வேலை செய்தால் தாளைச் சுற்றித் தெளிவான வளையம் விழும். ஆக்ஸிடெட்ராசைக்ளின் தாளைச் சுற்றி வளையமே இல்லை. பாக்டீரியா தாளின் விளிம்புவரை பால் ஏடு போலப் படர்ந்திருந்தது. அந்தத் தட்டை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அமாக்சிசிலினைப் பற்றிக் கேட்டபோது அவர் சிரித்தேவிட்டார். அந்த வகை மருந்தை உடைக்கும் நொதி பொதுவாக ஏரோமோனாஸிடம் பிறவியிலேயே உண்டாம். நோயுற்ற மீன் தீவனத்தைத் தொடாது. அதனால் தீவனத்தில் கலந்த மருந்து நலமாக இருக்கும் மீனுக்கும் அடிச் சேற்றுக்கும்தான் போகும் என்றார். போதாததற்கு என் குளத்துத் தண்ணீர் கடினநீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் ஆக்ஸிடெட்ராசைக்ளினைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யவிடாது. தண்ணீரில் ஊற்றியதோ, அமோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவை அடித்திருக்கிறது. பேச்சின் நடுவே என் விரலில் இருந்த வெட்டுக்காயத்தைப் பார்த்து, "இந்தக் கையோடா செத்த மீனை அள்ளினீர்கள்?" என்று அதட்டினார். புண் வழியாக மனிதருக்கும் தொற்றுமாம். கையுறை வாங்கியது அன்றைக்குத்தான்.

மிச்சமிருந்த மஞ்சள் பொடியை வேறோர் ஆய்வகத்தில் கொடுத்தேன். இருந்தது ஆக்ஸிடெட்ராசைக்ளின். அந்த மருந்தை ஒழுங்காகக் கொடுப்பதென்றால் நோயை உறுதி செய்த பிறகு, ஒரு கிலோ மீன் எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 75 மில்லிகிராம், 10 நாள். பிறகு மருந்து உடலைவிட்டு நீங்கும்வரை பிடிக்காமல் காத்திருக்க வேண்டும். நானோ நான்கு மாதம் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டிருக்கிறேன். பாக்டீரியாவைக் கொல்லப் போதாத அளவு, பழக்கப் போதுமான அளவு. அடங்குபவை செத்தன, அடங்காதவை பெருகின. அந்த எதிர்ப்புத் திறனுக்கான மரபணுவை ஒரு பாக்டீரியா, இனம் வேறான இன்னொன்றுக்கும் கைமாற்றிவிடும் என்பதால் சேற்றில் இப்போது என்னென்ன இருக்கின்றனவோ!

பிழைத்த மீன்களும் விலைபோகவில்லை. வாங்க வந்தவர் சோதித்தார். மருந்தின் எச்சம் இருந்தது. திரும்பிப் போய்விட்டார்.

பாதிப் பழி என்னுடையதுதான். ஏரேட்டரை உடனே சரிசெய்திருக்கலாம். ஆய்வகத்துக்குப் போகாமல் பொட்டலத்தை நம்பியதும் நான்தான். ஆனால் மருந்தை மூலிகை என்று சொல்லி விற்றது நானில்லை.

இரண்டு ஆய்வறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு முகவரிடம் போய் நட்டஈடு கேட்டேன். நிதானமாகப் படித்துப் பார்த்தார். "நான் விற்றது சத்துப் பொடி. மருந்து என்று பொட்டலத்தில் எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள்" என்றார்.

எங்கும் எழுதியிருக்கவில்லைதான்.