மீன் தொட்டித் தண்ணீருக்கு ஒரு நீல டிரம்: ஆறு வருட அனுபவம்

எங்கள் சென்னை வீட்டு மேல்தொட்டியில் மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர், கோடையில் லாரி தண்ணீர் என்று மூன்றும் மாறி மாறி வரும். இன்றைக்கு எது என்று குழாயைத் திறந்தால்தான் தெரியும். கொளத்தூரில் முதல் தொட்டி வாங்கியபோது கூடவே தண்ணீரிலுள்ள குளோரினை முறிக்கும் ஆன்டி குளோரின் பாட்டிலும் ஒன்று வாங்கினேன். வாளிக்கு இரண்டு சொட்டு விட்டு ஊற்றுவேன், அவ்வளவுதான் என் தயாரிப்பு.

2018 மழைக்காலத்தில் ஒரு நாள் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கலாக இருந்தது. நான் வழக்கமான இரண்டு சொட்டோடு நிறுத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மாலி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. காலையில் நான்கு போய்விட்டன. அந்த வருத்தத்தில், தண்ணீரை முன்கூட்டியே பிடித்து வைக்க வாங்கியதுதான் இந்த 100 லிட்டர் டிரம்.

புதிதாகவே வாங்கினேன். பழைய டிரம் பாதி விலைக்குக் கிடைக்கும், ஆனால் அதில் முன்பு ஆசிட் இருந்ததா, சாயம் இருந்ததா என்று யாருக்குத் தெரியும்? உணவுப் பொருள் வைக்கத் தகுந்தது என்று கேட்டு வாங்குங்கள்.

பால்கனி நிழலில் வைத்து, சனிக்கிழமை விடியற்காலையில் நிரப்புவேன். மே மாதத்தில் மதியம் பிடித்தால் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வெந்நீர்தான் வரும். காற்றுக் குமிழ் விடும் ஏர் ஸ்டோனைப் போட்டு ஓடவிட்டால் ஞாயிறு மாலைக்குள் குளோரின் வாடை போய்விடுகிறது. டிரம்மின் வாய் குறுகல் என்பதால், காற்று விடாமல் சும்மா வைத்தால் இன்னும் ஒரு நாள் கூடுதலாக விட்டுவிடுவது நல்லது. குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் காட்டும் சோதனைச் சொட்டு மருந்தால் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் தொட்டிக்கு விடுகிறேன்.

ஆன்டி குளோரினை நான் குறை சொல்லவில்லை. அதில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்பேட். பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் படம் கழுவப் பயன்பட்ட அதே ஹைப்போ உப்பு. சரியான அளவில் விட்டால் குளோரினை உடனே முறித்துவிடும். ஆனால் தண்ணீரின் சூட்டையோ உப்பையோ அது தொடாது. போர் தண்ணீரில் அடைந்திருக்கும் கரியமில வாயுவையும் வெளியேற்றாது. எங்கள் போர் தண்ணீர் பிடித்தவுடன் பிஎச் (அமில, காரத்தன்மை அளவு) 7.1 காட்டும், அந்த வாயு வெளியேறியபின் மறுநாள் 7.8. அந்த ஏற்றம் மீன் இருக்கும் தொட்டிக்குள் நடப்பதைவிட டிரம்முக்குள் நடந்து முடிவது எவ்வளவோ மேல்.

டிரம்மின் அருமை முழுதாகப் புரிந்தது 2019 கோடையில்தான். செம்பரம்பாக்கம், புழல் ஏரிகள் வறண்டுபோய் ஊரே லாரிக்குக் காத்திருந்தது. என் தொட்டியில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 400, வந்த லாரி தண்ணீரில் 1,150. வாளியில் பிடித்து அப்படியே ஊற்றியிருந்தால் மீன்கள் தாங்கியிருக்காது. டிரம்மில் பழைய தண்ணீரோடு கால் பங்கு லாரி தண்ணீரைக் கலந்து, வாராவாரம் பங்கை ஏற்றிக்கொண்டே போனேன். கப்பி மீன்களும் ஏஞ்சல் மீன்களும் பழகிக்கொண்டன. அந்தக் கோடையில் ஒரு மீன்கூட சாகவில்லை.

கொசு விஷயத்தில் கவனம் வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நம் வீட்டில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். மூடியில் ஏர் ட்யூப்புக்கு ஓட்டை போட்டிருப்பதால், உள்ளே பழைய வேட்டித் துணியைக் கட்டி அதன்மேல் மூடுகிறேன். எட்டு நாளுக்கு மேல் தண்ணீரை வைத்திருப்பதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கல் உப்பும் ஸ்பாஞ்சும் கொண்டு உள்சுவரில் படியும் வழவழப்பைத் தேய்த்துக் கழுவுவேன். சோப்பு கூடவே கூடாது.

குறை என்றால் எடை. நிரம்பினால் நூறு கிலோவுக்கு மேல், அசைக்க முடியாது. அதனால் ஒரு சின்ன சப்மெர்சிபிள் மோட்டாரும் ஐந்து மீட்டர் டியூப்பும் வாங்கினேன். வாளி தூக்கி வந்த முதுகுவலி அதோடு நின்றது. ஆனால் மோட்டார் அடியில் உட்காருவதால் படிந்த செம்மண்ணையும் சேர்த்து இழுக்கிறது. அடுத்த டிரம்மில் அடியிலிருந்து நான்கு விரல் உயரத்தில் ஒரு குழாய் வைக்கச் சொல்லி பிளம்பரிடம் பேசியிருக்கிறேன்.