பழைய ஆபீஸ் மெஷின்: மெக்கானிக்கா, எக்ஸ்சேஞ்சா, புதுசா?

ஆபீஸில் ஒரு பிரிண்டர் மக்கர் பண்ண ஆரம்பித்தால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். மெக்கானிக்கைக் கூப்பிடு என்பார் ஒருவர், எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடு என்பார் இன்னொருவர், முதலாளி மகன் ஊரில் இருந்தால் புதுசே வாங்கிவிடலாம் என்பார். சிம்மக்கல் பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இந்தச் செலவுக்கெல்லாம் வவுச்சர் போடுகிறவன் நான். என் கட்சி இதுதான்: மெஷினின் வயசைக் கேட்பதற்கு முன்னால், அதன் உதிரி பாகம் இன்று சாயந்திரத்துக்குள் மதுரையில் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்தால் ரிப்பேர். கிடைக்காவிட்டால் மற்ற இரண்டையும் யோசிக்கலாம்.

லேசர் பிரிண்டரில்தான் சண்டை அதிகம், அதையே முதலில் எடுத்துக்கொள்வோம். எச்பி லேசர்ஜெட் 1020, கேனான் எல்பிபி 2900, இந்த இரண்டில் ஒன்று பல வக்கீல் ஆபீஸ்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எச்பியின் பல லேசர் பிரிண்டர்களுக்கு எஞ்சின் செய்து கொடுத்ததே கேனான்தான் என்பதால் உள்ளே இரண்டும் பங்காளிகள், கடையில் டூப்ளிகேட் கார்ட்ரிட்ஜ் டப்பாவிலேயே எச்பியின் 12ஏ, கேனானின் 303 என்ற இரண்டு நம்பரையும் சேர்த்து அச்சடித்திருப்பார்கள். 12ஏ-வில் வெளிச் சரக்கைத் தடுக்கிற சிப் கிடையாது. டோனர் என்கிற மைத்தூள் தீர்ந்தால் நிரப்பலாம், டிரம் தேய்ந்தால் டிரம்மை மட்டும் மாற்றலாம், பிளேடு போனால் அதை மட்டும். கம்பெனி கணக்கில் ஒரு கார்ட்ரிட்ஜுக்கு 2,000 பக்கம், ஆனால் அது பக்கத்தில் 5 சதவீத இடத்தில் மட்டும் டோனர் விழும் என்கிற கணக்கு. நம்மாட்கள் பேலன்ஸ் ஷீட்டை நெருக்கி அடிக்கிற அடிக்கு அவ்வளவு வராது.

இதில் வருகிற கோளாறு சுற்றிச் சுற்றி இரண்டு மூன்றுதான். பேப்பரை இழுக்காவிட்டால் பிக்கப் ரோலரின் ரப்பர் வழவழப்பாகிவிட்டது என்று அர்த்தம், ஈரத்துணியால் துடைத்தால் கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் மாற்றத்தான் வேண்டும். (ஐப்பசி மழையில் நமத்துப்போன பேப்பரைப் போட்டுவிட்டு மெஷினைத் திட்டுகிறவர்கள் தனிக் கணக்கு.) இன்னொன்று, அடித்த எழுத்தை விரலால் தேய்த்தால் விரலோடு வந்துவிடும். டோனர் தூளைச் சூட்டில் உருக்கிப் பேப்பரில் ஒட்டவைக்கிற ஃபியூசரில் கோளாறு என்பதற்கு அது அடையாளம். போன தடவை எங்கள் மெக்கானிக் அதைக் கழற்றி நியூஸ்பேப்பர் மேல் வைத்தபோது எட்டிப் பார்த்தேன். உருளையாகச் சுருட்டிய மெல்லிய ஃபிலிம், அதில் நீளமாக ஒரு கிழிசல். "அண்ணே, பின்னோட பேப்பரை விட்ருக்காங்க" என்று கிழிசல் ஓரத்தில் ஒட்டிக்கிடந்த ஸ்டேப்ளர் பின்னை ஸ்க்ரூடிரைவர் நுனியால் நெம்பி எடுத்துக் காட்டினார். ஒரு பக்கம் அடித்த தாளைத் திருப்பிப் போட்டு அடிக்கிற சிக்கனம் எங்கள் ஆபீஸில் உண்டு, பின்னைப் பிடுங்காமல் போட்டால் இதுதான் நடக்கும். பழைய கிரீஸை வழித்து, புது ஃபிலிமைச் சொருகி, மறுபடி கிரீஸ் தடவி மூடினார். அன்றைக்கு மத்தியானமே மெஷின் ஓடியது.

இதே கோளாறுக்குக் கம்பெனி சர்வீஸ் சென்டர் ஒன்றில் கேட்டபோது ஃபிலிம் மட்டும் மாற்ற மாட்டோம், ஃபியூசர் அசெம்ப்ளியே முழுசாக மாற்ற வேண்டும், பாகம் வெளியூரிலிருந்து வர வேண்டும், திறந்து பார்க்கத் தனிக் கட்டணம் என்றார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை, அவர்கள் விதி அப்படி. வாரண்டி இருக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே போங்கள், இல்லையென்றால் வாரண்டி போய்விடும். முடிந்த மறுநாளிலிருந்து டவுன்ஹால் ரோடு பக்கம் விசாரியுங்கள்.

எக்ஸ்சேஞ்சில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழைய மெஷினைப் பற்றி வாயே திறக்காமல் புது மெஷினின் கடைசி விலையை முதலில் கேளுங்கள். அதற்கப்புறம் எக்ஸ்சேஞ்ச் பேச்சை எடுங்கள். பல நேரம் இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு ரீஃபில் செலவைத் தாண்டாது. அதற்காகப் புதுசே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்கேன் வேண்டும், இரண்டு பக்கமும் தானாக அடிக்க வேண்டும், வைஃபை வேண்டும் என்றால் 1020-ஐ எத்தனை முறை ரிப்பேர் செய்தாலும் அது வராது. ஆனால் புதுசில் பல மாடல்களின் கார்ட்ரிட்ஜில் சிப் இருக்கும், வெளிக் கார்ட்ரிட்ஜைப் போட்டால் முரண்டு பிடிக்கும், அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலையைப் பார்க்க வேண்டும்.

"புதுசு வாங்கினால் தேய்மானம் கிடைக்குமே" என்று எங்களிடமே வந்து சொல்கிற கட்சிக்காரர்கள் உண்டு. சரி, கணக்கையும் பார்த்துவிடுவோம். கம்ப்யூட்டர் வகையறாவுக்கு வருமானவரியில் வருடம் 40 சதவீதம் தேய்மானம், அதாவது மெஷின் மதிப்பில் அவ்வளவை அந்த வருடச் செலவாகக் கழிக்கலாம், வாங்கிய வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதிலும் பாதிதான். வழக்கமான ரிப்பேர் செலவோ அந்த வருடத்திலேயே முழுசாகக் கழிந்துவிடும்.

இங்க் டேங்க் பிரிண்டர் வேறு ஜாதி. தினமும் கலரில் அடிக்கிறவர்களுக்குப் பக்கச் செலவு மலிவு, வாரக்கணக்கில் மூடி வைத்தால் மையைத் தெளிக்கிற ஹெட் அடைத்துக்கொள்ளும். எப்சன் எல் வரிசையில் ஹெட் மெஷினோடு சேர்ந்தது, அதை மாற்றுகிற செலவைக் கேட்டால் புது மெஷினே வாங்கிவிடலாம் என்று தோன்றும். கேனான் ஜி வரிசையில் ஹெட்டைத் தனியாகக் கழற்றி மாற்றலாம், அந்த ஒரு காரணத்துக்காகவே நான் அதன் பக்கம். விளக்குச் சிமிட்டி நின்றுபோனால் மட்டும் அவசரப்படாதீர்கள். ஹெட்டைச் சுத்தம் செய்யும்போது வழிகிற மை போய்ச் சேரும் பஞ்சுப் பேடு நிரம்பிவிட்டது என்று மெஷின் தானாகவே கணக்குப் பண்ணி நின்றிருக்கும். பேடை மாற்றி, கவுண்டரை ரீசெட் செய்தால் ஓடும். ஹெட் ஒருமுறை அடைத்தால் சுத்தம் செய்து பார்க்கலாம், அடுத்த முறையும் அடைத்தால் விட்டுவிடுங்கள்.

ஊசியால் தட்டி அடிக்கிற டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் கீழவாசல் பக்கம் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் போய் நிற்கட்டும். ஜிஎஸ்டி விதிப்படி சரக்குக்கு இன்வாய்ஸ் 3 பிரதி வேண்டும்: வாங்குபவருக்கு, லாரிக்காரருக்கு, விற்பவருக்கு. எப்சன் எல்எக்ஸ்-310 கார்பன் வைத்து ஒரே அடியில் அதை முடித்துவிடும், லேசரில் மூன்று முறை அடிக்க வேண்டும். எழுத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்தால் ஹெட்டில் 9 ஊசிகளில் ஒன்று உடைந்திருக்கிறது, ஊசி மாற்றித் தருகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். இதற்கு மாற்று தேடவே தேவையில்லை.

கம்ப்யூட்டரில் மட்டும் என் கட்சி கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3 கம்ப்யூட்டரில் பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போட்டால் கணக்கு எழுதுகிற டேலி பறக்கும், உண்மைதான். ஆனால் விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு அப்டேட் உள்ளிட்ட வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது, விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும் பொதுவாக இன்டெல் 8-ஆம் தலைமுறையும் வேண்டும். கட்சிக்காரர்களின் பாஸ்வேர்டும் டிஜிட்டல் கையெழுத்தும் ஓடுகிற மெஷினில் இந்த ரிஸ்க் கூடாது. அங்கே எஸ்எஸ்டி செலவை மிச்சம் பிடித்து, பெரிய கம்பெனிகளிலிருந்து கழித்துவிடப்பட்டு வருகிற 8-ஆம் தலைமுறை செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். பழைய பெட்டியில் லினக்ஸ் ஏற்றி டைப்பிங்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

யுபிஎஸ்ஸில் யோசிக்கவே வேண்டாம். "பேக்கப் நிக்கல" என்றால் பெரும்பாலும் உள்ளே இருக்கிற 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி செத்திருக்கும், அதை மாற்றினால் முடிந்தது. இந்த வகை பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் ஆயுள் பாதியாகும் என்பார்கள், சித்திரை வெயிலில் மேஜைக்கடியில் அடைத்து வைத்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பேட்டரியில் ஈயம் இருக்கிறது, கடைக்காரர் அதற்குக் காசு கழிப்பார், கேட்டு வாங்குங்கள்.

ஏஎம்சி என்கிற வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் போடலாமா என்றால், பாகமும் சேர்ந்ததா கூலி மட்டுமா என்று பாருங்கள். கூலி மட்டும் என்றால், நாலைந்து மெஷின் வைத்திருக்கிற சின்ன ஆபீஸுக்கு, 18 சதவீத ஜிஎஸ்டியோடு அது வீண்.

எதற்கும் ஆகாத மெஷினைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிற மின்கழிவு விதிகளில் பிரிண்டரும் கார்ட்ரிட்ஜும் சேர்த்தி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். அங்கே கொடுப்பதற்கு முன் ஹார்டு டிஸ்கைக் கழற்றிக்கொள்ளுங்கள், வெறுமனே ஃபார்மட் அடித்த டிஸ்கிலிருந்து ஃபைலைத் திரும்ப எடுத்துவிடலாம். பெரிய ஜெராக்ஸ் மெஷின்கள் பலவற்றிலும் உள்ளே ஹார்டு டிஸ்க் உண்டு, நகல் எடுத்த பத்திரமும் ஆதாரும் அதில் தங்கியிருக்கலாம். வாடகைக்கு எடுத்த மெஷினைத் திருப்பி அனுப்புகிறவர்கள் அந்த டிஸ்கை அழிக்கச் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.