ஸ்லாக் நேரம் மட்டும் போதாது: நோவாவின் நீரோட்டக் கணிப்புப் பக்கம்

அமெரிக்காவின் பியூஜெட் சவுண்ட் என்ற கடல் உட்புகுதியில் கரையிலிருந்து ஸ்கூபா முங்குகிறவருக்கு டிரைசூட்டுக்கு (உடம்பை நனையவிடாத முங்கு உடை) அடுத்தபடி வேண்டியது, அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவாவின் நீரோட்டக் கணிப்புப் பக்கம். காசு கிடையாது. ஆனால் ஓத அட்டவணை வேறு, இது வேறு. டகோமா நேரோஸ், டிசெப்ஷன் பாஸ் மாதிரி இடுக்குகளில் கடல் ஏறி முடிகிற நேரமும் ஓட்டம் நிற்கிற நேரமும் (இதுதான் ஸ்லாக்) ஒன்றாக வருவதில்லை. ஓதம் பார்த்துக் கிளம்பினால் ஓடுகிற தண்ணீரில்தான் கால் வைப்பீர்கள்.

பக்கத்தில் உங்கள் இடத்துக்கான கணிப்பு நிலையத்தைத் தேர்ந்தால் ஸ்லாக், உச்ச ஏற்றம் (உள்ளே வரும் ஓட்டம்), உச்ச வற்றம் (வெளியே போகும் ஓட்டம்) என்று வரிகள் வரும். வேகம் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல், சுமார் 1.85 கி.மீ.) கணக்கில். வற்றத்துக்கு மைனஸ் குறி. பலர் ஸ்லாக் நேரத்தை மட்டும் குறித்துக்கொள்கிறார்கள். முதலில் பார்க்கவேண்டியது அதற்கு முன்னும் பின்னும் உள்ள உச்ச வேகத்தை. உச்சத்துக்கு மூன்று மணி நேரம் ஆகும் என்றால், ஸ்லாக் முடிந்து 30 நிமிடத்தில் உச்சத்தின் கால்பங்கு வந்துவிடும். உச்சம் 1.5 நாட் என்றால் அது 0.4, காலில் மாட்டிய ஃபின் அடித்துச் சமாளிக்கலாம். உச்சம் 6 என்றால் ஒன்றரை நாட் தாண்டும், அதாவது நிமிடத்துக்கு 45 மீட்டருக்கு மேல். 10 டிகிரி தண்ணீரில், உப்பிய டிரைசூட்டோடு, அதை எதிர்த்துக் கரை சேர முடியாது. இரண்டு பக்கமும் உச்சம் சிறியதாக இருக்கிற ஸ்லாக்கைத் தேர்ந்தெடுங்கள்.

நேர அமைப்பில் கோடை மாற்றம் சேர்ந்த உள்ளூர் நேரம் இருக்கிறதா பாருங்கள். வெறும் ஸ்டாண்டர்ட் நேரமாக இருந்தால் கோடையில் ஒரு மணி நேரம் முன்னதாகவே இறங்கிவிடுவீர்கள். சில நிலையங்களுக்குப் பல ஆழங்கள் உண்டு. நீங்கள் போகிற ஆழத்துக்குப் பக்கத்தில் இருப்பதை எடுங்கள்.

பெரிய குறை, பல நிலையங்கள் நடுக்கால்வாயைச் சொல்கின்றன, உங்கள் கரையை அல்ல. முனைக்குப் பின்னால் சுழிநீர் எதிர்த்திசையில் ஓடலாம். காற்றும் ஆற்றுவெள்ளமும் இந்தக் கணிப்பில் சேராது. மடங்குகிற ஓட்டம் திருப்பிக் கொண்டுவிடும் என்று நம்பி அதன் போக்கில் போகிற திட்டம், கணிப்பு 20 நிமிடம் பிசகினாலே கெட்டுவிடும்.

அதனால் அரை மணி முன்னதாகவே கரையில் நின்று புல் கெல்ப் (bull kelp) என்ற நீளமான கடற்பாசியைப் பாருங்கள். ஓட்டம் பலமாக இருந்தால் அதன் குமிழ்த்தலை தண்ணீருக்குள் அமுங்கிக் கிடக்கும். தளர்ந்தால் மேலே வந்து மிதக்கும். கணித்த நேரம் தாண்டிக் கால்மணி ஆகியும் தலை எழவில்லையா, டாங்கைக் கழற்றி வண்டியில் வையுங்கள்.